சாயக் கணக்கில் விட்டுப்போன செலவு

ஆசிரியருக்கு, வணக்கம்.

திருப்பூர் சாயப்பட்டறைகளின் செலவு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கழிவுநீரை வடிகட்டும் ஆர்.ஓ., மிஞ்சும் உப்புநீரை ஆவியாக்கும் எவாப்பரேட்டர், விறகு விலை, மின்கட்டணம் எல்லாம் வந்திருந்தன. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னதிலிருந்து, இந்த ஊரில் செலவு என்று பேச்செடுத்தாலே அது சுத்திகரிப்பு நிலையத்தில்தான் போய் நிற்கிறது. தப்பில்லை. சாயக் கழிவை விட்டு நொய்யல் ஆற்றுக்கும் அதன் ஒரத்துப்பாளையம் அணைக்கும் நாம் செய்தது கொஞ்சமா? ஆனால் அந்தத் தண்ணீர் சுத்திகரிப்புக்குப் போகும் முன் சாயம் ஏற்றும் மெஷினில் என்ன நடக்கிறது என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. நான் அங்கே பிராசஸ் இன்ஜினியராக இருப்பவன். அதனால்தான் எழுதுகிறேன்.

ஆளைக் குறைத்து மெஷினை வேகமாக ஓட்டச் சொல்பவர்கள் என்றுதான் எங்களைப் பற்றிப் பலரும் நினைக்கிறார்கள். சாயத்தில் வேகத்தைவிட, முதல் தடவையிலேயே ஷேடு, அதாவது கேட்ட நிறம், சரியாக வந்ததா என்பதுதான் முக்கியம். தவறினால் மேலே கொஞ்சம் சாயம் சேர்த்துப் பார்ப்பார்கள். அதற்கும் சரிவராவிட்டால் ஹைட்ரோஸ் என்ற ரசாயனத்தைப் போட்டு நிறத்தை உரித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. அதே துணிக்கு இரண்டாம் தடவை உப்பு, சோடா, சாயம், நீராவி, தண்ணீர். துணியின் பலமும் குறையும். இதெல்லாம் கணக்கில் தனியாகத் தெரியாது, ‘கெமிக்கல்’ என்ற ஒரே தலைப்புக்குள் கலந்துவிடும்.

உப்பை மட்டும் எடுத்துக்கொள்வோம். பருத்தியில் ரியாக்டிவ் சாயத்தால் (பருத்தி இழையோடு வேதிமுறையில் பிணையும் சாயம்) அடர் நிறம் ஏற்ற லிட்டருக்கு 80 கிராம் உப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். 500 கிலோ துணியை 1:10 விகிதத்தில், அதாவது கிலோவுக்குப் பத்து லிட்டர் தண்ணீரில், ஓட்டினால் 5,000 லிட்டர் தண்ணீர், 400 கிலோ உப்பு. 1:6-இல் ஓடும் மெஷின் என்றால் 3,000 லிட்டர், 240 கிலோ. இந்த உப்பு துணியில் தங்குவதில்லை. சாயத்தைத் துணிப் பக்கம் தள்ளிவிட்டு அப்படியே கழிவுநீரோடு போய்விடுகிறது. அதைப் பிரித்தெடுக்கத்தான் கடைசியில் எவாப்பரேட்டர் ஓடுகிறது. ஒரு லாட்டை (ஒரே தடவையில் மெஷினில் ஓடும் துணி) உரித்து 1:10-இலேயே திரும்ப ஓட்டினால் 400 கிலோ 800 ஆகும். சுத்திகரிப்புச் செலவைக் குறைக்கும் வேலையை மெஷினிலிருந்து தொடங்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

சரி, ஷேடு ஏன் தவறுகிறது? பட்டறையில் கேட்டால் முதலில் ‘சாயம் சரியில்லை’ என்பார்கள், அடுத்து ‘மாஸ்டர் சரியில்லை’ என்பார்கள். பெரும்பாலும் இரண்டும் இல்லை. பிளீச்சிங்கில் போட்ட பெராக்சைடு துணியில் மிச்சமிருந்தால் சாயத்தையே கெடுத்து நிறத்தை வெளிறவைக்கும். தண்ணீரில் பைகார்பனேட் அதிகமென்றால் சூடேறும்போது காரம் கூடி, சாயத்தைத் துணியில் பிடிக்கவைக்கும் சோடாவைப் போடும் முன்பே சாயம் பிடிக்கத் தொடங்கும். துணி திட்டுத் திட்டாக வரும். மழைக்காலத்தில் ஈரம் ஏறிய உப்பை வழக்கமான எடைக்கே நிறுத்துப் போட்டால் உள்ளே போவது குறைந்த உப்பு. துணியைத் தராசில் வைக்காமல் ரோலில் ஒட்டிய சீட்டைப் பார்த்தே எடையை எழுதிக்கொள்வதும் உண்டு.

எனக்குத் தெரிந்த ஒரு பட்டறையில் பகலில் சரியாக வந்த நேவி ப்ளூ இரவு ஷிஃப்டில் மட்டும் திட்டாக வந்துகொண்டிருந்தது. மாஸ்டரை மாற்றினார்கள், சாயக் கம்பெனியை மாற்றினார்கள். இரவில் ஆர்.ஓ. தண்ணீர் போதாமல், பைகார்பனேட் அதிகமுள்ள போர்வெல் தண்ணீரைத் திறந்துவிட்டது எந்த நோட்டிலும் ஏறவில்லை.

இதற்கெல்லாம் பெரிய கருவிகள் வேண்டாம். காரம் பார்க்க பி.எச். மீட்டர், மிச்சமிருக்கும் பெராக்சைடைக் காட்டும் ஸ்ட்ரிப், உப்புத் தண்ணீரின் அடர்த்தி பார்க்க ஹைட்ரோமீட்டர், ஒரு நோட்டு போதும். அந்த நோட்டுதான் கஷ்டம். விடிந்தபின் மொத்தமாக உட்கார்ந்து எழுதிய இரவு ஷிஃப்ட் கணக்கைக் கையெழுத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம், எட்டு மணி நேரமும் பி.எச். ஒரு புள்ளிகூட அசைந்திருக்காது!

டையிங் மாஸ்டர்களைக் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஷேடில் லேசாகச் சிவப்புத் தூக்கலாக இருப்பதை வெறும் கண்ணால் சொல்லும் திறமை எனக்கு இல்லை. ஆனால் ரெசிபி அவர் பையில் இருக்கும் வரை, கூடுதல் சம்பளத்துக்கு அவர் வேறிடம் போகும் நாளில் பட்டறையின் அனுபவமும் சேர்ந்தே போய்விடும். அதை எழுத்தில் நிறுத்திவைப்பது எங்கள் வேலை.

முதலாளிகளிடம்தான் எனக்கு வருத்தம். வெளிநாட்டு பையரின் ஆடிட் வருகிறது என்றால் அவசரமாக ஒரு இன்ஜினியரைச் சேர்த்து, ஃபைல்களைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அதே ஆள், ‘பெராக்சைடு இன்னும் போகவில்லை, பத்து நிமிடம் பொறுங்கள்’ என்றால், ‘டெலிவரிக்கு நீங்களா பதில் சொல்வீர்கள்?’ என்ற கேள்விதான் வருகிறது. லாட்டை நிறுத்தும் அதிகாரம் இல்லாதவருக்கு இன்ஜினியர் என்று பெயர் வைத்து என்ன பயன்? அந்தப் பத்து நிமிடத்தை மிச்சப்படுத்தப் போய், மறுநாள் அரை ஷிஃப்ட் ரீடையிங்கில், அதாவது மறுபடி சாயமேற்றுவதில், போகும்.

உங்கள் நிருபர் அடுத்த முறை பட்டறைகளுக்குப் போகும்போது, மின்கட்டணத்தோடு சேர்த்து, போன மாதம் எத்தனை லாட் திரும்ப ஓடியது என்றும் கேட்கட்டும். பல இடங்களில் பதில் இருக்காது. நோட்டைத் திறந்து எண்ணைக் காட்டும் ஒரு பட்டறை கிடைத்தால், அதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருப்பூர்.