ஃபிட்னஸ் ட்ரெய்னர் எக்ஸாம் படிக்கிறவங்க கவனிங்க
உடம்பு அசைவோட (மூவ்மெண்ட்) பேரெல்லாம் சும்மா மனப்பாடம் பண்ணாதீங்கப்பா, முதல்ல அனடாமிக்கல் பொசிஷன்ல நில்லுங்க, அதாவது நேரா நின்னு உள்ளங்கை முன்னாடி பாக்குற மாதிரி, எல்லா பேரும் அங்கிருந்துதான் ஆரம்பிக்குது. கைய பக்கவாட்டுல தூக்குனா அப்டக்‌ஷன், இறக்குனா அடக்‌ஷன், ஈஸிதான்.

ஸ்குவாட்லதான், அதாவது முட்டிய மடக்கி உக்காந்து எழுறதுலதான், நிறைய பேர் குழம்புறாங்க. கீழ போறப்ப முட்டி மடங்குது, அப்போ தொடை பின்பக்க தசையான ஹேம்ஸ்ட்ரிங்தான் மடக்குதுன்னு எழுதிடுறாங்க, ஆனா உடம்ப கீழ இழுக்குறது புவியீர்ப்பு, தொடை முன்பக்க தசையான குவாட்ரிசெப்ஸ் நீண்டுகிட்டே பிரேக் போடுது, இதான் எக்சென்ட்ரிக். எழும்போது அதே தசை சுருங்கி முட்டிய நீட்டும், அது கான்சென்ட்ரிக். தொடை மேல கைய வச்சு மெதுவா உக்காந்து பாருங்க, இறுகுறது நல்லா தெரியும்.

நாளைக்கு சஜிட்டல், ஃப்ரண்டல், டிரான்ஸ்வர்ஸ் பிளேன், அதாவது உடம்பு அசையுற மூணு தளம் பாப்போம். பைசெப்ஸ் கர்ல், அதாவது முழங்கைய மடக்கி வெயிட் தூக்குறது, இந்த மூணுல எதுல வரும்னு டைப் பண்ணி போடுங்க, வாய்ஸ் நோட் வேணாம் ப்ளீஸ்.