தொடை தைத்துக் கொடுத்த அக்காவுக்கு

நேற்று மாலை எங்கள் அவசர சிகிச்சைப் படிப்பின் செய்முறைத் தேர்வு முடிவு வந்தது. எங்கள் வகுப்பில் 22 பேர், 22 பேரும் தேறிவிட்டோம். இரவு முழுக்கத் தூக்கம் வரவில்லை. விடியட்டும் என்று காத்திருக்காமல் உட்கார்ந்து எழுதுகிறேன். பொம்மைகளை வைத்துச் சிகிச்சை பழகும் எங்கள் ஸ்கில் லேபில் தண்ணீர் புகுந்த அன்று என்ன ஆயிற்று, எவையெல்லாம் போயின என்பது இதைப் படிக்கும் உங்களுக்குத் தெரியும். உங்களில் பலர் முழங்கால் தண்ணீரில் எங்களோடு நின்று பெட்டிகளைத் தூக்கியவர்கள். அதை மறுபடி சொல்ல எனக்குத் தெம்பில்லை. நன்றி சொல்லத்தான் வந்தேன்.

முதலில் எதிர்ப்பக்கம் தையல் கடை வைத்திருக்கும் அக்காவுக்கு.

லேப் போன மூன்றாம் நாள், வராந்தாவில் தலையணைகளைப் போட்டுப் பழகிக்கொண்டிருந்தோம். தலையணையில் சி.பி.ஆர். (இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்திச் செய்யும் முதலுதவி) செய்து பார்த்தவர்களுக்கு அந்த வேதனை புரியும். பெரியவர் ஒருவருக்கு நெஞ்சு 5 சென்டிமீட்டராவது அமுங்க வேண்டும், 6-ஐத் தாண்டக் கூடாது. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பிறகு நெஞ்சை முழுதாக எழும்ப விட வேண்டும், அப்போதுதான் இதயத்தில் மறுபடி ரத்தம் நிறையும். தலையணை அமுங்கும், எழும்பாது. ரத்தப்போக்கை நிறுத்தும் பயிற்சி அதைவிட மோசம். உறையின்மேல் பேனாவால் ஒரு வட்டம் போட்டு, அதுதான் காயம் என்று வைத்துக்கொண்டு, காஸ் துணியை அழுத்திப் பிடித்து நிமிடங்களை எண்ணுவோம். நின்றதா இல்லையா என்று பார்க்க அங்கே ரத்தமே இல்லை.

இதை இரண்டு நாள் கடை வாசலிலிருந்து பார்த்த அக்கா, மூன்றாம் நாள் தெருவைத் தாண்டி வந்து கேட்டார்: "ரத்தம் எங்கேருந்து வரும் பாப்பா?"

சொன்னேன். கையிலோ காலிலோ என்றால் காயத்துக்கு மேலே டூர்னிக்கெட் என்கிற பட்டையைக் கட்டி இறுக்கலாம். தொடை இடுக்கில் என்றால் அதைக் கட்ட இடமே இருக்காது. அங்கே பெரிய தமனி ஓடுகிறது, அறுந்தால் ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்தம் பீறிடும், சில நிமிடங்களில் உயிர் போய்விடும். காயத்துக்குள் விரலை விட்டு, கசியும் இடத்தைத் தேடிப் பிடித்து, காஸைத் திணித்து அழுத்துவதுதான் எங்களுக்குச் சொல்லித்தந்த வழி. அக்கா எல்லாவற்றையும் கேட்டார். கழுத்தில் கிடந்த இஞ்சு டேப்பை எடுத்து, வராந்தாவிலேயே என் தொடையை அளந்தார். "ஓட்டை எவ்வளவு ஆழம்?" என்றார். ஆள்காட்டி விரலைக் காட்டினேன். அதையும் அளந்துகொண்டு போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து ஒரு தொடையோடு வந்தார்.

பழைய மெத்தையின் நுரையை வெட்டி, அடுக்கி, தொடையின் உருளை வடிவத்துக்குக் கொண்டுவந்திருந்தார். மேலே மழைக்கோட்டுத் துணி. இடுக்குப் பக்கம் ஒரு கிழிசல், அதன் உள்ளே லைனிங் துணியில் தைத்த ஒரு குழி. நாங்கள் கொடுத்த டிரிப் ட்யூப் நுரைக்குள் வளைந்து போய் அந்தக் குழியின் அடியில் திறந்தது. மறுமுனையில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில், அதில் சிவப்புச் சாயம் கலந்த தண்ணீர். ஒருவர் பாட்டிலை இதயத் துடிப்பின் வேகத்தில் அமுக்க வேண்டும்.

முதலில் நான்தான் உட்கார்ந்தேன். எழுத்துத் தேர்வில் இந்தப் பாடத்துக்கு முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன். ஆனால் கை என்ன செய்தது தெரியுமா? காஸைக் காயத்தின் வாயில் வைத்து, அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் இன்னொன்று என்று அடுக்கிக்கொண்டே போனது. சிவப்புத் தண்ணீர் எல்லாவற்றையும் நனைத்து மடியில் வழிந்தது. அக்கா குனிந்து பார்த்துச் சொன்னார்: "தண்ணி அடியிலேருந்துல்ல வருது. நீ மேலயே துணியை வெச்சுக்கிட்டு இருக்கியே பாப்பா." ஆறு மாதமாகப் படித்தது அந்த ஒரு நொடியில்தான் எனக்குப் புரிந்தது.

சரி என்று விரலை உள்ளே விட்டு, அடியைத் தொட்டு, விரலை எடுக்காமலே காஸை அதன் ஓரமாக ஊட்டினேன். ஒரு விரல் அழுத்தியிருக்க மறு விரல் திணிக்க வேண்டும், பிறகு அது அழுத்த இது திணிக்க வேண்டும். குழி நிரம்பியது. இரண்டு கையாலும் அழுத்தினேன். அப்போதும் நிற்கவில்லை. பாட்டிலை அமுக்க அமுக்க வந்துகொண்டே இருந்தது. மாறி மாறி எல்லோரும் பார்த்தோம். யாருக்கும் நிற்கவில்லை.

இரவுப் பணி முடித்து நேராக எங்களிடம் வந்திருந்த மூத்த பாராமெடிக் (ஆம்புலன்ஸில் அவசர சிகிச்சை தருபவர்) ஒருவர் தொடையை அழுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதுல எலும்பு இல்லையே. நுரை உள்ளே போயிட்டே இருக்கு. எதும்மேல அழுத்துவீங்க?" தமனியை எலும்போடு சேர்த்து நசுக்கினால்தான் அது அடைபடும். சும்மா சதையை அழுத்தினால் சதை நகரும், அவ்வளவுதான். அக்காவுக்கு இதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை. "ஆமா, இஸ்திரி போட அடியில பலகை வேணும்ல" என்று தொடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடைக்குப் போனார். அன்று இரவே திரும்பி வந்தது. திரைச்சீலை மாட்டும் மரக்கம்பு ஒன்றை உள்ளே வைத்து, ட்யூப் சரியாக அதன்மேல் போகும்படி மறுபடி தைத்திருந்தார். விரலை விட்டால் அடியில் கெட்டியாக ஒன்று தட்டுப்பட்டது.

நான் திணித்தேன், அழுத்தினேன். பாட்டிலைப் பிடித்திருந்த நண்பன் கத்தினான்: "போகல! அமுக்கறேன், போகமாட்டேங்குது!" பாட்டிலை வாங்கி நானும் அமுக்கிப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. இதைத்தான் இத்தனை நாளும் எங்களால் தெரிந்துகொள்ள முடியாமல் இருந்தது. அழுத்தம் சரியான இடத்தில் விழுந்தால் மறுமுனையில் என்ன ஆகிறது என்பதைக் கையால் உணர்ந்தேன். அக்கா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்து வந்த வாரங்களில் உள் துணியை அவர் நான்கு முறை மாற்றினார். சாயத்தண்ணீரில் ஊறிய நுரையைப் பிழிந்து காயவைத்ததும் அவர்தான். கூலி பற்றி வாயைத் திறந்தால் பேச்சை மாற்றிவிடுவார்.

தேர்வில் வைத்திருந்தது கம்பெனி சிலிகான் பொம்மை. தோல் நிஜத் தோல் மாதிரி இருந்தது. விரல் உள்ளே போனதும் தானாகவே அடியைத் தேடிப் போயிற்று. ரத்தத்தை உறையவைக்கும் மருந்து தடவிய காஸ் கொடுத்திருந்தார்கள், அதற்கு 3 நிமிடமாவது விடாமல் அழுத்த வேண்டும். இரண்டாவது நிமிடத்தில் தோள் நடுங்கியது. நின்றுவிட்டதா என்று தூக்கிப் பார்க்கத் தோன்றும். தூக்கினால் உறைந்தது கலைந்துவிடும். தூக்கவில்லை. முழங்கையை மடக்காமல் உடம்பின் பாரத்தை நேராக இறக்கினேன். ஏன் அப்படி நிற்கிறாய் என்று தேர்வாளர் கேட்டார். "கீழே எலும்பு இருக்கு சார்" என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு சி.பி.ஆர். மேனிக்கின்களை, அதாவது பயிற்சி பொம்மைகளை, தங்கள் மாணவர்களுக்கே தேவைப்படும் நேரத்தில் எங்களுக்குக் கொடுத்த பக்கத்துக் கல்லூரி. அவை இல்லாவிட்டால் இன்னும் தலையணையைத்தான் அமுக்கிக்கொண்டிருப்போம். 22 பேருக்கு இரண்டு என்பதால், 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறும் வழக்கம் எங்களுக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. காலாவதியான கேனுலாக்களையும் (ரத்தக்குழாயில் செருகும் சிறு குழாய்கள்) காஸையும் வீசாமல் பயிற்சிக்கென எடுத்துவைத்த ஆபரேஷன் தியேட்டர் ஊழியர்கள். மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்திப் பழகும் பொம்மையான, நனைந்துபோன இன்ட்யூபேஷன் தலையை ஹேர் டிரையர் பிடித்தே காப்பாற்றிய ஜூனியர்கள். கூடத்தைத் திறந்து வைத்த நர்சிங் பள்ளி. தூங்க வேண்டிய பகலில் வந்து, மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பையை முழுக்கப் பிழியாதே, நெஞ்சு லேசாக எழும்பினால் போதும் என்று நூறு தடவை சொன்ன மூத்தவர்கள். எங்கள் வீட்டுக்காரர்கள், அவர்கள் கையில் நாடி பார்த்தே பாதி பேர் தேறினோம். எல்லோருக்கும் நன்றி. பெயர் விட்டுப்போனவர்கள் மன்னிக்க வேண்டும்.

ஒரு முடிவும் எடுத்திருக்கிறேன். அக்காவின் கடையில் அவரோடு சேர்த்து ஐந்து பேர் வேலை செய்கிறார்கள். பெரிய கத்தரிக்கோல்களும் வெட்டும் இயந்திரமும் நாள் முழுக்க அவர்கள் கையருகில் இருக்கின்றன. வரும் ஞாயிறு கடையிலேயே அவர்களுக்கு ரத்தப்போக்கை நிறுத்தவும் சி.பி.ஆர். செய்யவும் கற்றுக்கொடுக்கப் போகிறேன். பிறகு மாதம் ஒருமுறை, அந்தத் தெருவில் யார் வந்தாலும் சொல்லிக்கொடுப்பேன். வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனாலும் அங்கே தொடர்வேன்.

நேற்று இரவு போய்ச் சொன்னேன். சரி என்றார். அப்புறம் தொடையைக் கொண்டுவரச் சொன்னார். காயத்தின் ஓரத்தில் தையல் விட்டிருக்கிறதாம், ஞாயிற்றுக்குள் போட்டுவிடுகிறேன் என்றார்.