பன்னீரைப் பிடுங்காதீர்கள்: கோவை தொண்டாமுத்தூர் பக்கத்துத் திராட்சைத் தோட்டக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும்,

வணக்கமுங்க. நாசிக் பக்கம் ஒரு ஒயின் தோட்டத்தில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியதிலிருந்து டீக்கடையில் ஒரே கேள்விதான். "பன்னீர்த் திராட்சையை எடுத்துவிட்டு சிவப்பு ஒயின் திராட்சை வைக்கலாமா?" ஆளாளுக்குச் சொல்லி அலுத்துவிட்டது, எழுதிவிடுகிறேன். இப்போதைக்கு வேண்டாம்.

மண் ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் சும்மா. மழைதான் சிக்கல். நாசிக்கில் செப்டம்பரோடு மழை ஓய்ந்து வானம் வெளுத்துவிடும். கொடியை வெட்டிவிடும் கவாத்து ஏப்ரலில் ஒன்று, அக்டோபர் வாக்கில் இன்னொன்று, வருடத்துக்கு ஒரே வெள்ளாமை. பழம் தை, மாசிக் குளிரில் பழுக்கும். நமக்கோ அந்த அக்டோபரில்தான் ஐப்பசி அடைமழை. அப்போது வெட்டினால் துளிரோடு அடிச்சாம்பல் நோயும் வந்துவிடும், போர்டோ கலவை மருந்து அடித்தே கை ஓய்ந்துபோகும். சரி, மழை போகட்டும் என்று மார்கழியில் வெட்டினால் பழுப்பது சித்திரை வெயிலில். இரவிலும் சூடு தணியாவிட்டால் பழத்தில் புளிப்பு குறையும், தோலில் நிறம் ஏறாது, சர்க்கரை மட்டும் ஏறும். அதில் வரும் ஒயின் புளி மறந்த குழம்பு. நாசிக் ஏறக்குறைய 600 மீட்டர் உயரம், கோவை 400 சொச்சம். அந்த வித்தியாசமும் ராத்திரியில்தான் தெரியும்.

அப்புறம், பன்னீரிலேயே போடலாமே என்பார்கள். மஸ்கட் ஹாம்பர்க் என்கிற நம் பன்னீருக்கு வாசனை அருமைதான். ஆனால் சிவப்பு ஒயினின் நிறம் தோலிலிருந்து வருவது, துவர்ப்பு தோலிலும் கொட்டையிலும் இருந்து வருவது. அதற்கு ஷிராஸ், கேபர்னே சாவிஞான் என்கிற ஒயின் ரகங்கள் போலச் சின்னப் பழமும் தடித்த தோலும் வேண்டும். பந்தல் கொள்ளாமல் காய்க்க வைப்பதுதான் நம் கெட்டிக்காரத்தனம். ஒயினுக்கு அது ஆகாது. நாசிக்கில் ஏக்கருக்கு மூன்று, நாலு டன்னோடு நிறுத்தி, மீதிக் குலையைப் பச்சையிலேயே வெட்டிக் கீழே போட்டோம். எங்கள் அப்பா பார்த்திருந்தால் தடியைத் தூக்கியிருப்பார்.

மஞ்சள் வேகவைக்கிறோம், வெல்லம் காய்ச்சுகிறோம், இதையும் தோட்டத்திலேயே செய்துவிடலாம் என்று தோன்றும். பாதி உண்மை. விடியும் முன் பறித்து, காம்பு நீக்கி, நசுக்கித் தொட்டியில் விட்டால் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயமாக்கும். பழத்தில் 24 பிரிக்ஸ், அதாவது சாற்றில் நூற்றுக்கு 24 பங்கு சர்க்கரை இருந்தால் சாராயம் 13 சதவீதம் வரை வரும். தோலெல்லாம் மேலே மிதந்து ஆடை கட்டும், அதை நாளைக்கு மூன்று தரம் அமுக்கிவிட வேண்டும், ஒரு வாரம் பத்து நாள் வரைக்கும். சூடு 30 டிகிரியைத் தாண்டிப் போகவிடக் கூடாது. ஒரு ராத்திரி என் காவலில் குளிரூட்டும் இயந்திரம் நின்றுபோனது, நான் தூங்கிவிட்டேன். விடிந்தபோது நொதிப்பு பாதியில் நின்று, தொட்டியில் வெந்த பழ வாடை. இரண்டு டன் பழம். நம் ஊர் மின்சாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் வேறு. 1937-இல் மதுவிலக்கு முதன்முதலில் வந்ததே நம் சேலத்தில்தான். உரிமம் இல்லாமல் பானையில் ஊறவைத்துப் பார்ப்பதும் குற்றம், அந்த ஆசை யாருக்கும் வேண்டாம். மது சில்லறை விற்பனையும் 2003-லிருந்து அரசு கையில். தோட்டத்துக்கு வருகிறவருக்கு நாமே ஒரு பாட்டில் கொடுத்துக் காசு வாங்குவது நாமாக முடிவு செய்கிற காரியம் இல்லை.

ஆசை விடவில்லை என்றால், டாக்ரிட்ஜ் வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டிய ஷிராஸ் ஐம்பது கொடி, வரப்போரம் கம்பி கட்டி ஏற்றுங்கள். பன்னீர் அது பாட்டுக்கு இருக்கட்டும். பழம் வந்ததும் ஆள் விடுங்கள். சர்க்கரை பார்க்கும் கருவி என்னிடம் இருக்கிறது, எடுத்துக்கொண்டு காலையிலேயே வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
நரசீபுரத்துத் தோட்டக்காரன் ஒருவன்