மொட்டை மாடியில் மாயாபஜார்: செயலாளர் ஆண்டறிக்கை, 2025–26

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுத் தோழர்களே, காட்பாடி வெயிலையும் பொருட்படுத்தாமல் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் நம் குடியிருப்போர் சங்க உறுப்பினர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். கடைசித் தெருவின் விளக்குகள் எரிகின்றன. மழைநீர்க் கால்வாய் தூர்வாரியாகிவிட்டது. அதில் திரும்பவும் குப்பை கொட்டுகிறவர்கள் யார் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். நாய்த் தொல்லை பற்றிய மனு இன்னும் மனுவாகவே இருக்கிறது. பொங்கலுக்குக் கோலப்போட்டி நடந்தது. பரிசு பற்றிய சச்சரவும் வழக்கம்போல நடந்தது. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

இனி, போன கோடை. அறிக்கையின் பெரும்பகுதி அதைப் பற்றித்தான். வேறு எதைப் பற்றியும் உறுப்பினர்கள் என்னை வழியில் நிறுத்தி இவ்வளவு பேசியதில்லை.

ஏப்ரல் மாதச் செயற்குழுவில் கோடைப் பயிற்சி வகுப்பு வைக்கலாம் என்றுதான் பேச்சு தொடங்கியது. அபாகஸ், கையெழுத்து, ஆங்கிலப் பேச்சு என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். மகளிர் அணியிலிருந்து ஓர் அக்கா எழுந்து, “பத்து மாதம் படித்துவிட்டு வந்திருக்கிற பிள்ளைகளுக்கு மறுபடியும் வகுப்பா? நாங்களும் பிள்ளைகளும் மாமியாரும் ஒன்றாக உட்காருகிற மாதிரி ஏதாவது செய்யுங்கள்” என்றார். அதற்கு அப்புறம் அபாகஸ் எடுபடவில்லை. காலையில் சங்கக் கட்டடத்தின் முன்னறையைப் படிப்பறையாகத் திறந்து வைப்பது, சனிக்கிழமை இரவு மொட்டை மாடியில் படம் போடுவது என்று முடிவானது. சித்ரா பௌர்ணமி பூப்பல்லக்கு இரவும், குடியாத்தம் கங்கையம்மன் சிரசுத் திருவிழா நடக்கும் வைகாசி முதல் நாளும் எந்த நிகழ்ச்சியும் வேண்டாம் என்று பெரியவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். நம் ஊரில் அந்த இரண்டு நாளும் எந்தப் படமும் ஓடாது, யார் நடித்திருந்தாலும் சரி.

என்ன படம் என்பதில்தான் நேரம் போனது. யு சான்றிதழ் இருந்தால் போதும் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. யு வாங்கிய எத்தனையோ படங்களில் நாயகியைக் கேலி செய்வதும் குண்டானவர்களைப் பார்த்துச் சிரிப்பதும்தான் நகைச்சுவை. 2024 நவம்பரிலிருந்து யுஏ சான்றிதழை வயதுவாரியாக 7+, 13+, 16+ என்று பிரித்துத் தருகிறார்கள். புதுப் படத்துக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுப் போனால் பாதித் தலைவலி குறையும். ஆனால் தாத்தாவும் பேத்தியும் ஒரே இடத்தில் சிரிப்பார்களா என்பதை எந்தச் சான்றிதழும் சொல்லாது. கடைசியில் அதையே நம் அளவுகோலாக வைத்துக்கொண்டோம்.

இன்னொரு சிக்கலை நம் வழக்கறிஞர் உறுப்பினர் எடுத்துச் சொன்னார். சந்தா கட்டியிருக்கும் ஓடிடியில் வருகிற படத்தை வீட்டில் பார்க்கலாம். ஊரைக் கூட்டித் திரையிட அனுமதி வேண்டும். நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு திரைப்படத்தின் உரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து கணக்கிட்டு 60 ஆண்டுகள். ஆகவே போன கோடையில் 1964 வரையிலான படங்களைத்தான் மாடிக்கு எடுத்துக்கொண்டோம். புதுப் படங்களை அவரவர் வீட்டில் பார்த்துவிட்டு ஞாயிறு மாலை படிப்பறையில் கூடிப் பேசுவது என்று வைத்துக்கொண்டோம். முதலில் இது ஒரு கட்டுப்பாடாகத் தெரிந்தது. போகப்போக, பேசுகிற மாலைக்குத்தான் கூட்டம் அதிகம் வந்தது. சுண்டலும் ஒரு காரணம், மறுக்கவில்லை.

முதல் படம் 1957இல் வந்த ‘மாயாபஜார்’. மாடியில் தண்ணீர் தெளித்து, பாய் விரித்து, வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டினோம். “கலர் இல்லையா?” என்று முன்வரிசையில் முணுமுணுப்பு. எஸ்.வி. ரங்காராவ் கடோத்கஜனாக உட்கார்ந்து ‘கல்யாண சமையல் சாதம்’ பாட, லட்டுகள் தாமாகவே பறந்து வாய்க்குள் போனபோது அந்த முணுமுணுப்பு போன இடம் தெரியவில்லை. அந்தக் காட்சியைத் திரும்பப் போடச் சொன்னார்கள், போட்டோம். மனத்துக்குப் பிடித்தவரைக் காட்டும் பெட்டி ஒன்று படத்தில் வருகிறது. வத்சலாவாக வரும் சாவித்திரி அதைத் திறந்து அபிமன்யுவைப் பார்த்ததும் ஒரு சிறுமி, “வீடியோ கால்!” என்று கத்தினாள். பின்னாலிருந்த பெரியவர்கள்தான் அதிகம் சிரித்தார்கள்.

இந்தப் படத்தைத் தயாரித்த நாகி ரெட்டியும் சக்ரபாணியும்தான் 1947 ஜூலையில் ‘அம்புலிமாமா’வைத் தொடங்கியவர்கள். எங்களில் பலருக்கே அது புதுச் செய்தி. மறுநாளே இரண்டாம் தெருத் தாத்தா, தான் பைண்டு செய்து வைத்திருந்த பழைய அம்புலிமாமா தொகுப்புகளைப் படிப்பறைக்குக் கொண்டுவந்து கொடுத்தார். வேதாளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு விக்கிரமாதித்தன் நடக்கும் சங்கரின் ஓவியத்தைப் பார்த்து வரைவதே பிள்ளைகளுக்கு ஒரு வாரம் வேலையாக இருந்தது.

‘காதலிக்க நேரமில்லை’க்கு (1964) தலைப்பைப் பார்த்துவிட்டுத் தயங்கியவர்கள் உண்டு. ஸ்ரீதர் எடுத்த அந்தப் படத்தில் நாகேஷ், பாலையாவுக்குத் திகில் கதை சொல்லும் காட்சி தமிழ்நாட்டில் தெரியாதவர்கள் இருக்க முடியாது என்று நினைத்தோம். பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியவில்லை. ஆனால் நாகேஷ் வாயைத் திறப்பதற்கு முன்பே நம் மூத்த உறுப்பினரான அத்தை வசனத்தைச் சொல்லிக்கொண்டே வந்ததால், “பாட்டி, ப்ளீஸ்!” என்று குட்டிகள் அதட்ட வேண்டியதாயிற்று.

சாப்ளினின் ‘தி கிட்’ (1921) பேசாத படம் என்பதால் மொழிபெயர்த்துச் சொல்லும் வேலை இல்லை. பையன் கல்லெறிந்து ஜன்னலை உடைப்பதும், கண்ணாடி மாட்டுகிறவராகச் சாப்ளின் ஒன்றும் தெரியாதவர் போல அங்கே வந்து நிற்பதும் எல்லாருக்கும் புரிந்தது. பையனை அநாதை இல்லத்துக்கு இழுத்துப் போகும் இடத்தில் ஒரு குழந்தை தேம்பி அழுதுவிட்டது. குழந்தைகள் அழுகிற படத்தை ஏன் போடுகிறீர்கள் என்று ஒரு புகார் வந்தது. குடும்பப் படம் என்றால் கண்ணீரே வரக்கூடாது என்று நான் நினைக்கவில்லை. அந்தக் குழந்தையின் அம்மாவும் நினைக்கவில்லை. அடுத்த வாரம் இருவரும் முதல் ஆளாக வந்து பாய் பிடித்தார்கள்.

வீட்டில் பார்க்கச் சொன்ன படங்களில் ‘பசங்க’ (2009), ‘காக்கா முட்டை’ (2015), ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ (2025) மூன்றுக்கும் நல்ல பேச்சு. கடைசிப் படம் அந்த மே மாதம்தான் திரையரங்குக்கு வந்திருந்தது. பார்த்தவர்கள் பார்க்காதவர்களுக்குக் கதையைச் சொல்லிக் கெடுத்துவிட்டார்கள். ஆனால் எல்லாவற்றையும் விட நன்றாகப் பேசப்பட்டது மஜீத் மஜீதியின் ஈரானியப் படமான ‘சில்ட்ரன் ஆஃப் ஹெவன்’ (1997). தங்கையின் ஷூவைத் தொலைத்துவிட்ட அண்ணன், வீட்டில் சொல்லப் பயந்து தன் ஷூவையே அவளோடு மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்கிறான். ஓட்டப் பந்தயத்தில் மூன்றாம் பரிசு ஒரு ஜோடி ஷூ என்று தெரிந்து அதற்காக ஓடுகிறான். முதலாவதாக வந்து தொலைக்கிறான்.

ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கத்துக்காரர்களிடம் ஷூ பற்றிய படத்தைக் காட்டினால் சும்மா இருப்பார்களா? ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் அக்கா ஒருவர் அன்று நிறையப் பேசினார். ஏற்றுமதிக்குப் போகும் ஷூவில் ஒரு தையல் பிசகினால் ஜோடியே ஒதுக்கப்படும் என்றார். நாளெல்லாம் ஷூ தைத்தும் அதே மாதிரி ஒன்றைத் தன் மகனுக்கு வாங்க மனம் வந்ததில்லை என்றார். மகன் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். பட்டிமன்றம் மாதிரி நடத்தலாம் என்று நான் எழுதி வைத்திருந்த கேள்விகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

படிப்பறைக்கு வருகிறேன். வீடுகளிலிருந்து வந்த புத்தகங்களில் நீதிக்கதைத் தொகுப்புகளே அதிகம். கோடை முடியும்வரை அவை அடுக்கியபடியே இருந்தன. ஓடியவை வேறு. வாண்டுமாமாவின் கதைகள் ஒருநாளும் அலமாரியில் தங்கவில்லை. சிவகாசியிலிருந்து 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவியைப் பிள்ளைகளை விட அப்பாக்கள்தான் எடுத்துப் போனார்கள். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து இரும்புக் கை மட்டும் தெரியும் ஆசாமி அவர். மே மாத இரவுகளில் நம் தெருவில் இருந்த மின்சாரத்துக்கு அவர் மறைந்திருக்கவே முடியாது.

‘டோட்டோ-சான், ஜன்னலில் ஒரு சிறுமி’யை ஆசிரியர்களாக இருக்கும் உறுப்பினர்கள் அவசியம் படிக்க வேண்டும். ரயில் பெட்டிகளில் வகுப்பு நடந்த பள்ளி பற்றிய உண்மைக் கதை. ரயில்வே குடும்பங்கள் உள்ள காட்பாடியில் அதற்குத் தனி மவுசு. கீழடியைப் பின்னணியாகக் கொண்ட உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ நடுநிலைப் பள்ளி வயதுக்குப் பொருத்தம். 2023இல் சிறுவர் இலக்கியத்துக்கான பால சாகித்ய புரஸ்கார் பெற்றது. அதே விருதை 2021இல் பெற்ற மு. முருகேஷ் நம் வட ஆற்காட்டு வந்தவாசியில் வசிப்பவர். அவருடைய கதைகளைச் சின்னப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டலாம். பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு மு.வ.வின் ‘அகல் விளக்கு’ கொடுத்தோம். வாலாஜாவும் பாலாறும் வருகிறது என்பதற்காகத் தொடங்கியவர்கள், கதைக்காக முடித்தார்கள். அறிவுரை கொஞ்சம் தூக்கல்தான், இருக்கட்டும்.

‘பொன்னியின் செல்வன்’ தனிக்கதை. முதல் பாகத்தைத் தினம் கொஞ்சமாகச் சத்தம் போட்டு வாசித்தார் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயா. வந்தியத்தேவன் வாணர் குலத்தவன் என்று வந்ததும் வாசிப்பை நிறுத்திவிட்டு, வாணர்களின் கல்வெட்டுகள் உள்ள திருவல்லம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது என்றார். அன்றிலிருந்து வந்தியத்தேவன் காட்பாடிக்காரன் ஆகிவிட்டான். அந்த உற்சாகம் ஆறுவதற்குள் ஒரு விடியற்காலை வள்ளிமலைக்கு அருகிலுள்ள மேல்பாடிக்கு வேன் வைத்துப் போனோம். ஆற்றூரில் இறந்த அரிஞ்சய சோழனுக்கு அவருடைய பேரன் ராஜராஜன் எழுப்பிய பள்ளிப்படை, அதாவது நினைவுக் கோயில், பொன்னையாற்றங்கரையில் இருக்கிறது. சுந்தர சோழரின் அப்பாதான் அரிஞ்சயர் என்று பிள்ளைகளே பெரியவர்களுக்கு வம்சாவளி சொன்னார்கள். வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிட்டோம். தக்கோலத்துக்கும் போக வேண்டும் என்று அப்போதே நச்சரிப்பு தொடங்கிவிட்டது; 949இல் சோழ இளவரசன் ராஜாதித்தன் யானை மேலேயே உயிர்விட்ட களம் அது. அரக்கோணம் பக்கம் என்பதால் அரைநாளில் முடியாது. அப்புறம் படத்தின் இரண்டு பாகங்களையும் வீட்டில் பார்த்துவிட்டு வந்து, “நாவலில் வருகிற மணிமேகலையைக் காணோமே” என்று ஆரம்பித்த சண்டை பள்ளி திறந்த பிறகும் ஓயவில்லை.

வரும் கோடைக்குச் செயற்குழு வைக்கும் முன்மொழிவு இது. 1965இல் வந்த படங்களுக்கு 60 ஆண்டுக் கணக்கு போன டிசம்பரோடு முடிந்துவிட்டது. எனவே ‘திருவிளையாடல்’, ‘குழந்தையும் தெய்வமும்’ இரண்டையும் மாடியில் போடலாம். முதலாவதுக்கு எதிர்ப்பே இல்லை, தருமிக்காகவே வருவார்கள். இரண்டாவது, பிரிந்து வாழும் பெற்றோரைச் சேர்த்து வைக்கும் இரட்டைச் சிறுமிகளின் கதை. எரிக் கேஸ்ட்னர் என்ற ஜெர்மன் எழுத்தாளரின் 1949ஆம் ஆண்டுச் சிறுவர் நாவல் ஹாலிவுட் போய் அங்கிருந்து ஏவி.எம்.முக்கு வந்தது. அப்பா அம்மா பிரிந்திருக்கும் பிள்ளைகள் நம் தெருக்களிலும் இருக்கிறார்கள், அவர்கள் மனம் நோகுமே என்று இரண்டு உறுப்பினர்கள் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. போடலாம் என்பது என் கருத்து; ஆனால் அந்த வீட்டுத் தாய்மார்களிடம் முதலில் கேட்டுவிட்டுத்தான் என்று தீர்மானத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். இன்று கை தூக்கி முடிவு செய்யுங்கள்.

நூலகப் பதிவேட்டின்படி மாயாவி இதழ்களில் சில இன்னும் திரும்பவில்லை. யார் யாரிடம் என்று எழுதியிருக்கிறது, இங்கே வாசிக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் முன்னறை திறந்திருக்கும்.

நன்றி.

இப்படிக்கு,
செயலாளர்