துவக்கு தூக்கியவரையும் கேளுங்கள்: கிழக்குப் பல்கலைக்கழக வரலாற்றுத்துறைக்கு ஒரு திறந்த மடல்

அன்பின் விரிவுரையாளர்களுக்கும் மாணவப் பிள்ளைகளுக்கும்,

வணக்கம். நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரையில் பிறந்து, அங்கேயே படிப்பித்து, ஓய்வு பெற்றவன். உங்களிடம் ஒரு வேலையைக் கேட்டு எழுதுகிறேன்.

2007 ஜூலையில் குடும்பிமலையை இராணுவம் பிடித்ததோடு கிழக்கில் சண்டை ஓய்ந்தது. இன்று வந்தாறுமூலை வளாகத்துக்குள் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு அந்த நாள் ஞாபகத்தில் இருக்க வழியில்லை. அவர்கள் நடந்து போகும் அந்த மண்ணிலேதான் 1990 இல் அகதி முகாம் இருந்தது. செப்டெம்பர் 5 ஆம் திகதி இராணுவம் அங்கிருந்து 158 பேரைப் பிடித்துக்கொண்டு போனது. நாலு நாளில் சத்துருக்கொண்டான் ஊரில் படுகொலை. அதற்கு முந்திய மாதம் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டு நின்றவர்களைப் புலிகள் சுட்டார்கள். பிறகு ஏறாவூரில் முஸ்லிம்களும் வீரமுனையில் தமிழர்களும் கொல்லப்பட்டார்கள். ஜூனிலோ புலிகளிடம் சரணடைந்த பொலிஸ்காரர் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். எல்லாம் ஒரே வருடத்தில், மட்டக்களப்பு அம்பாறைக்குள்ளே.

இந்தத் திகதிகள் எங்களுக்கு மனப்பாடம். வருடா வருடம் விளக்கேற்றுகிறோம். ஆனால் அந்த 158 பேரில் ஒருவர் என்ன தொழில் செய்தார், அவர் போன பிறகு வீட்டுக்காரி அடுத்த பெரும்போகத்தை எப்படி விதைத்தாள் என்று கேட்டால், சொல்லக்கூடியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். சாவுகளை ஓரளவுக்கு எழுதி வைத்திருக்கிறோம். யுத்தத்தோடு வாழ்ந்த வாழ்க்கையை எழுதி வைக்கவில்லை. அதைச் செய்யத்தான் உங்களைக் கேட்கிறேன்: துவக்கு தூக்கியவர், தூக்காதவர் என்று பார்க்காமல், இரண்டு மாவட்டத்து ஆட்களின் வாழ்க்கைக் கதையையும் அவர்கள் வாயாலேயே சொல்லவைத்துப் பதிவு செய்து நூலகத்தில் வையுங்கள். தனித்தனியாக யாரும் செய்திருக்கலாம். துறையே பொறுப்பெடுத்துச் செய்தால்தான் அது நிலைக்கும்.

ஆணைக்குழுக்கள் கேட்டுவிட்டனவே என்பீர்கள். எங்கள் ஊரில் மகனைத் தேடும் ஒரு அம்மாவின் கோப்பைப் பார்த்திருக்கிறேன். ஷொப்பிங் பைக்குள் பை வைத்து மழை படாமல் சுற்றியிருப்பா. அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்து எடுத்த, முகம் மங்கிய ஒரு படம். பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டு, செஞ்சிலுவைச் சங்கத்துக் கடிதம், 1994 இல் அமைத்த ஆணைக்குழுவுக்குக் கொடுத்ததின் பிரதி, பரணகம ஆணைக்குழுவுக்குக் கொடுத்தது, பிறகு காணாமல் போனோர் அலுவலகத்துக்குக் கொடுத்தது. ஒவ்வொரு படிவமும் கேட்பது ஒன்றுதான்: எப்போது, எங்கே, யார் பிடித்தது. “எத்தினை தரம்தான், மகன், ஒண்டையே சொல்ற” என்றா ஒருநாள். அவன் தோணி வலிப்பதில் கெட்டிக்காரன் என்பதை எந்தப் படிவமும் கேட்கவில்லை. அவன் போன மாதமே இளைய மகளின் படிப்பை நிறுத்தி, பதினாறு வயதில் கலியாணம் முடித்துக்கொடுத்ததையும் கேட்கவில்லை.

அந்தக் கலியாணங்களே ஒரு பெரிய கதை. வீட்டுக்கு ஒரு பிள்ளை வேண்டும் என்று புலிகள் இயக்கம் கேட்ட காலத்தில், தாலி ஏறினால் விட்டுவிடுவார்கள் என்று நம்பி எத்தனை பெண்பிள்ளைகளைச் சிறுவயதில் கட்டிக்கொடுத்தோம். எங்கள் பக்கத்து வழமைப்படி வீடு மகளுக்குப் போகும். அதனால் புருஷன் இல்லாமல் போனபோதும் அவள் தெருவுக்கு வரவில்லை. தாயும் தமக்கையும் பக்கத்து வளவில் இருந்தார்கள். அந்த வழமை எங்கள் பெண்களைக் காத்தது என்பது என் அபிப்பிராயம். ஆனால் கூரை மட்டும் சோறு போடாதே. வயல் உழ ஆள் இல்லை, வரம்பு கட்ட ஆள் இல்லை. குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டுவேலைக்குப் போனார்கள். பிள்ளைகளை அம்மம்மா வளர்த்தா. இதையெல்லாம் யுத்த வரலாறு என்று நாங்கள் படிப்பிப்பதே இல்லை.

இனி, தலைப்பில் சொன்ன விஷயம். 2004 மார்ச்சில் புலிகளின் கிழக்குத் தளபதி கருணா பிரிந்து, ஏப்ரலில் வெருகலில் அண்ணன் தம்பி மாதிரி இருந்தவர்களே ஒருவரை ஒருவர் சுட்ட பிறகு, சிறுவயதில் கொண்டுபோகப்பட்ட பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வீட்டுக்கு வந்தார்கள். அதில் ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். இடுப்பில் ஷெல் துண்டு இன்னும் இருக்கிறது. அரிசி ஆலையில் கூலிக்கு நிற்கிறா. பின்னேரமானால் சுவரில் கையை ஊன்றித்தான் நடப்பா. மரத்தால் விழுந்தது என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறா. மேடையில் அவரைப் போராளி என்று புகழவும் ஆளுண்டு, கலியாணப் பேச்சில் ஒதுக்கவும் ஆளுண்டு. உட்கார்த்தி வைத்து முழுக் கதையையும் கேட்க ஒருவரும் இல்லை.

மற்றப் பக்கத்து ஆட்களையும் கேட்க வேண்டும் என்றால் சிலருக்குக் கோபம் வரும். எனக்கும் இலேசான காரியமல்ல. வவுணதீவுச் சென்றியில், இராணுவச் சோதனைச் சாவடியில், அரிசி மூட்டையைக் கம்பியால் குத்திப் பார்க்க, பற்றரி கொண்டுவந்தாயா என்று கேட்க, வெயிலில் நின்ற ஆள் நான். கொக்கட்டிச்சோலையில் 1987 இலும் 1991 இலும் நடந்த படுகொலைகள் என் காலடியில் நடந்தன. அதிகாரத்தோடு நின்றவனின் பயத்தையும் அது இல்லாதவனின் பயத்தையும் ஒரே தராசில் வைக்கச் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சென்றியில் நின்றவனுக்கும் பத்தொன்பது, இருபது வயதுதான். உகணைப் பக்கத்துச் சிங்கள வயல்காரன் ஏன் சீருடை போட்டான், மாதச் சம்பளத்துக்கா, வேறு எதற்கா? ஊர்காவல் படையில் சேர்ந்து இரவு முழுக்க ஊர் எல்லையில் நின்ற முஸ்லிம் இளைஞன் யாருக்குப் பயந்தான்? அரந்தலாவையில் 1987 இல் புலிகள் பிக்குமாரைக் கொன்றபோது அங்கே வளர்ந்த பிள்ளை எங்களை எப்படிப் பார்த்தது? எங்கள் பிள்ளைகளுக்கு இது தெரியாமல் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர்களின் பிள்ளைகளுக்குச் சத்துருக்கொண்டான் தெரியாமல் இருக்கவும் கூடாது. உங்கள் வகுப்பில் மூன்று மொழியும் பேசுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். இந்த வேலைக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எது?

செய்வதானால் இறுதி வருட ஆய்வாகக் கொடுக்கலாம், ஒரு மாணவருக்கு ஒரு ஆள். பெயர் வேண்டாம் என்றால் பெயர் போடக்கூடாது. தான் இருக்கும்வரை ஒருவரும் கேட்கக்கூடாது என்றால் பூட்டித்தான் வைக்க வேண்டும். வழக்குக்குள் மாட்டிவிடும் என்ற பயம் ஆட்களுக்கு இன்னும் இருக்கிறது, அது வீண் பயமும் அல்ல. ஒலிப்பதிவின் பிரதி ஒன்று சொன்னவர் வீட்டுக்கும் போகவேண்டும். பெண்களிடம் பெண் மாணவர்களை அனுப்புங்கள்.

வெட்டு முடிந்து பங்குனியில் வாருங்கள், ஆட்கள் வீட்டில் இருப்பார்கள். முந்தி மண்முனைத்துறையில் தோணிக்குக் காத்திருக்க வேண்டும், 2014 இலிருந்து பாலம் இருக்கிறது. படிவம் கொண்டுவர வேண்டாம். எங்கள் ஊர்ப் பக்கம் யார் யாரிடம் போகலாம், யாரை இப்போதைக்குக் கரைச்சல் படுத்தக்கூடாது என்று நான் கூட வந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
படுவான்கரையிலிருந்து ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியன்