செயலாளர் ஆண்டறிக்கை, 2024–2025: மகளிர் பிரிவும் அனிதா பால்துரை அவர்களின் ஆட்ட வாழ்வும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் உறுப்பினர் பெருமக்களுக்கும் வணக்கம்.

கோடைக்காலப் பயிற்சி முகாமும், அழைப்புப் போட்டியும், சுதந்திர தின நட்பாட்டமும் வழக்கம்போல் நடைபெற்றன.

விரிவாகச் சொல்ல வேண்டியது நமது கூடைப்பந்துக் கழகத்தின் மகளிர் பிரிவைப் பற்றியே. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்கினால் மாணவியர் ஆட்டத்தை நிறுத்திவிடுகின்றனர். தேர்வு முடிந்தும் பெரும்பாலோர் திரும்புவதில்லை. "பந்து விளையாடி என்ன ஆகப் போகிறது?" என்று பெற்றோர் கேட்கின்றனர். அவர்களுக்குப் பதில் சொல்லவே, சென்னையில் பிறந்து இந்திய அணிக்கு ஆடிய அனிதா பால்துரை அவர்களின் ஆட்ட வாழ்வை விளக்கும் கூட்டத்தை ஏற்பாடு செய்தேன். அது வீண் வேலை என்று குழுவிலேயே பேசப்பட்டதால் இவ்விளக்கம் அவசியமாகிறது.

1985இல் பிறந்த அவர், 19 வயதிலேயே இந்திய அணித் தலைவரானவர்; தேசிய சாம்பியன்ஷிப்களில் 30 பதக்கங்கள் பெற்றவர்; 2001 முதல் 2017 வரை மகளிருக்கான ஆசியக் கூடைப்பந்துப் போட்டித் தொடர்கள் ஒன்பதில் தொடர்ந்து ஆடியவர். அவ்வாண்டுகளை வரிசையாக எழுதிய அட்டையில், ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி 2011இல் விரலை வைத்து, "நான் பிறந்த வருஷம்" என்றாள். அது அனிதா அவர்களின் ஆறாவது ஆசியத் தொடர். அதன் பிறகும் மூன்றில் ஆடியிருக்கிறார். 2017இல் பெங்களூருவில் நம் அணி இறுதியாட்டத்தில் கஜகஸ்தானை 75–73 என வென்று ஆசியக் கோப்பை எனப் பெயர் மாறிய அதே தொடரின் 'பி' பிரிவுப் (இரண்டாம் நிலை) பட்டத்தைப் பெற்றது. 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. அதுவரை நம் ஊரில் அவர் பெயரை அறிந்தோர் மிகச் சிலரே என்பது வருத்தத்திற்குரியது.

பெற்றோர் கவனமாகக் கேட்டது பதக்கக் கணக்கை அன்று, வேலையைப் பற்றித்தான். ஆண்டு முழுவதும் ஊதியம் தரும் மகளிர் லீக் நம் நாட்டில் வேரூன்றாத நிலையில், விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கும் பணியே ஆட்டக்காரருக்குச் சோறு போடுகிறது. அனிதா அவர்களும் தென்னக ரயில்வேயைச் சேர்ந்தவரே. இத்தகைய பணியில் இருப்பவருக்கு ஓய்வு என்பது ஆடுகளத்திலிருந்துதானே தவிர, சம்பளத்திலிருந்து அன்று. இதைச் சொன்னதும், பின்வரிசையில் இருந்த தாய்மார்கள் எழுந்து வந்து ஒதுக்கீட்டு விதிகளைக் கேட்டுக் குறித்துக்கொண்டனர். தேர்வுக்குப் பின் சில மாணவியர் பயிற்சிக்குத் திரும்பியிருக்கின்றனர். அட்டைகளுக்கும் தேநீருக்கும் ஆன சிறு செலவு வீணென்று இனியும் எவரும் சொல்லலாகாது. அப்படிச் சொன்ன உறுப்பினர்கள் அன்று கூட்டத்திற்கு வரவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

கணக்கு விவரங்களைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். வரவும் செலவும் ஏறக்குறைய சமமாகவே உள்ளன. இருப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஆண்டுச் சந்தா செலுத்தாதோர் பட்டியல், செலுத்தியோர் பட்டியலைவிட நீளமாக இருக்கிறது.

இடம் அளித்த பள்ளி நிர்வாகத்திற்கும், சம்பளமின்றி உழைக்கும் பயிற்றுநருக்கும், நன்கொடையாளர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டில் பெண் பயிற்றுநர் ஒருவரை நியமிக்கவும், மாலைப் பயிற்சிக்கு விளக்குகள் அமைக்கவும் விரும்புகிறேன். இருட்டிய பின் பெண்பிள்ளைகளை ஆடுகளத்திற்கு அனுப்பப் பெற்றோர் தயங்குவது நியாயமே. ஆனால் பயிற்றுநருக்குரிய மதிப்பூதியம் சந்தாவிலிருந்துதான் வர வேண்டும். திரும்பி வந்த மாணவியரின் பெயர்ப் பட்டியலை இவ்வறிக்கையுடன் இணைத்திருக்கிறேன். நிலுவை வைத்துள்ள உறுப்பினர்கள் அதை ஒருமுறை படித்துவிட்டுப் பொருளாளரைச் சந்திக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்