காசெட்டை மறந்துவிட்டீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இணைப்பில் வந்த பழைய வீடியோ கேம் கட்டுரையைப் படித்தேன். ‘ஈ.டி.’ என்ற ஒரே ஒரு மட்டமான கேமால் அமெரிக்க வீடியோ கேம் கம்பெனி அடாரி கவிழ்ந்தது என்கிறார் கட்டுரையாளர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கும்பகோணத்தில் இருபது வருஷம் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தவன் நான். 90களில் பிள்ளைகள் தூக்கிவந்த டிவி கேம் பெட்டிகளில் பாதிக்குக் கோளாறே இருக்காது. பெட்டியில் செருகும் கேம் காசெட்டின் அடியில் இருக்கும் செம்புப் பட்டைகளை அழிரப்பரால் தேய்த்தால் போதும், படம் வந்துவிடும். அதனால் என் கண் எப்போதும் காசெட் மேல்தான் போகும். அமெரிக்காவில் கேம் கம்பெனிகளுக்குள் நடந்த சண்டையும் அதை வைத்துத்தான்.

முதலில் வந்த, ‘பாங்’ என்ற பந்தடிக்கும் கேம் பெட்டிகளில் கேம் சர்க்யூட்டிலேயே கிடந்தது. வேறு கேம் வேண்டுமென்றால் வேறு பெட்டிதான். 1976-ல் ஃபேர்சைல்ட் கம்பெனியின் ‘சேனல் எஃப்’ வந்து, பெட்டி வேறு காசெட் வேறு என்று ஆக்கியது. அதை உருவாக்கிய குழுவின் தலைவர் ஜெர்ரி லாசன், கறுப்பினப் பொறியாளர். உங்கள் முழுப்பக்கக் கட்டுரையில் அவர் பெயர் ஒரு வரியில்கூட இல்லை. காசெட் பெட்டி செய்யக் கையில் காசில்லாத அடாரி, அதே வருஷம் வார்னர் கம்பெனியிடம் 2.8 கோடி டாலருக்குத் தன்னையே விற்றுக்கொண்டு, 1977-ல்தான் தன் பெட்டியைக் கடைக்குக் கொண்டுவந்தது.

1980-ல் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் என்ற கேமின் காசெட்டுக்காகவே ஜனங்கள் அடாரி பெட்டி வாங்கினார்கள். போட்டிக் கம்பெனி மேட்டலின் இன்டெலிவிஷன் பெட்டியில் படம் இன்னும் தெளிவு. இன்னொரு கம்பெனி கோலிகோ 1982-ல் டாங்கி காங் என்ற கேமைப் பெட்டியோடேயே கொடுத்தது. அது போதாதென்று, அடாரி காசெட்டைத் தன் பெட்டியில் ஓட்ட ஒரு இணைப்பையும் விற்றது! என்ன துணிச்சல் பாருங்கள்.

அடாரியைவிட்டு வெளியேறிய புரோகிராமர்கள் 1979-ல் தொடங்கிய ஆக்டிவிஷன், அடாரி பெட்டிக்கே காசெட் செய்தது. அடாரி வழக்குப் போட்டது. கடைசியில் ராயல்டி வாங்கிக்கொண்டு சமாதானம். அப்புறம் கண்டவனெல்லாம் காசெட் போட ஆரம்பித்தான். கடைகளில் சரக்குத் தேங்கி, அடிமாட்டு விலைக்குப் போனது. 1983-ல் அடாரி நியூ மெக்சிகோவில் புதைத்த குப்பையை 2014-ல் தோண்டியபோது ஈ.டி. மட்டுமா வந்தது? வேறு பல கேம்களும் வந்தன.

ஜப்பான் கம்பெனி நிண்டெண்டோ இதைப் பார்த்துத்தான் 1985-ல் அமெரிக்காவுக்கு அனுப்பிய பெட்டியில் பூட்டுச் சிப் வைத்தது. அனுமதியில்லாத காசெட் ஓடாது. அதே கம்பெனி ஜப்பானில் 1983-ல் விற்ற ஃபேமிகாம் பெட்டியில் அந்தப் பூட்டு இல்லை. நம் ஊருக்கு வந்ததெல்லாம் அதைப் பார்த்துச் செய்த நகல்கள். எந்தக் காசெட்டைச் செருகினாலும் ஓடியது. ‘9999 இன் 1’ என்று அட்டை போட்ட காசெட்டில் அதே சில கேம்கள்தான் திரும்பத் திரும்ப வரும். ஒரு பையன் பொறுமையாக எண்ணிப் பார்த்துவிட்டு என்னிடம் சண்டைக்கு வந்தான். நான் விற்கவில்லையப்பா, தேய்த்துக் கொடுத்தது மட்டும்தான் என்றேன்.

லாசன் பெயரையாவது அடுத்த வாரம் ஒரு வரி போடுங்கள்.

ஓய்வுபெற்ற டிவி மெக்கானிக்,
கும்பகோணம்